பாட்டில் பாம் வாங்கப் போகிறீர்களா? முதலில் குருத்தைப் பாருங்கள்

எங்கள் வீட்டு முன்வாசலில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 3 அடி அகலத்தில் ஒரு பாத்தி உண்டு. அதில் வைக்கலாம் என்று நர்சரிக்குப் போய் ‘பாட்டில் பாம்’ கன்று இரண்டு வாங்கிவந்தேன். படத்தில் நான் பார்த்திருந்த பாட்டில் பாம் குள்ளம். அடி பருத்து, கழுத்து சிறுத்து, உச்சியில் நாலைந்து மட்டையை மட்டும் வைத்துக்கொண்டு அடக்கமாக நிற்கும். நான் வாங்கியவை அடங்கவில்லை. சில வருடங்களில் மொட்டைமாடியை எட்டிப் பார்த்தன. இப்போது மாதத்துக்கு ஒரு மட்டையாவது விழுகிறது, ஒவ்வொன்றும் 10 அடி நீளம். ஒரு தடவை பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கார் கண்ணாடி போனது. “தம்பி, ஒங்க தென்னை மறுபடியும் மட்டையப் போட்டுட்டு” என்று வாசலில் வந்து நிற்பார். அவருக்கு அது தென்னை. பூ விற்க வரும் அம்மாவுக்குப் பாக்கு மரம். நர்சரிக்காரருக்குப் பாட்டில் பாம். உண்மையில் அது ராயல் பாம். கியூபாவின் தேசிய மரம், 20 மீட்டர் வரைகூட வளரும்.

நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ராயல் பாமின் தண்டு பாதி உயரத்தில் லேசாகப் புடைத்திருக்கும். அதனால் நம் பக்கத்து வியாபாரத்தில் அதற்கும் பாட்டில் பாம் என்றே பெயர். மொரீசியஸ் நாட்டின் ரவுண்ட் தீவிலிருந்து உலகமெங்கும் பரவிய அந்தக் குள்ள மரத்துக்கும் அதே பெயர். பெயரைக் கேட்டு வாங்கியது என் தப்பு, மரத்தைப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பது எப்படி என்று புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டாம். தென்னையையும் பனையையும் பார்த்து வளர்ந்தவர் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெயரின் வாலை நம்பாதீர்கள்

கிளை பிரியாத தண்டு, உச்சியில் கொத்தாக இலை. இவ்வளவு இருந்தாலே போதும், ‘பாம்’ என்ற வாலை ஒட்டிவிடுகிறார்கள். சேகோ பாம், போனிடெயில் பாம், டிராவலர்ஸ் பாம் ஆகிய மூன்றும் பனைக் குடும்பமே இல்லை. ஒன்றுக்கொன்றும் சொந்தமில்லை. இன்னொரு பக்கம், பெயரில் பனையும் இல்லாமல் பாமும் இல்லாமல் இருக்கிற பிரம்பு அசல் பனைக் குடும்பம். அந்தக் காலத்து வாத்தியார்கள் மேசை மேல் வைத்திருந்தார்களே, அதே பிரம்புதான். காட்டில் கொக்கி முள்ளைப் போட்டு மற்ற மரங்களைப் பிடித்து ஏறும் கொடி அது.

தமிழ்ப் பெயர்களும் அப்படியொன்றும் யோக்கியம் இல்லை. நிலப்பனை என்று ஒரு மூலிகை, அதன் கிழங்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு சாண் உயரத்துக்குப் புல் மாதிரி வளர்ந்து, தரையை ஒட்டி மஞ்சள் நட்சத்திரம் போலப் பூக்கும். இலை மட்டும் முளைத்து வரும் பனங்கன்றின் இலை போல மடிப்பு மடிப்பாக இருக்கும். மற்றபடி பனைக்கும் அதற்கும் உறவில்லை.

ஆனால் தமிழில் ஒரு பெரிய வசதி உண்டு. மரத்தின் பெயர் குழப்பினாலும், உறுப்புகளுக்கு நாம் சொல்லும் பெயர் குழப்புவதில்லை. வாழைக்கு இலை, தாழைக்கு மடல், கரும்புக்குத் தோகை, தென்னைக்கும் பனைக்கும் ஓலை. ‘மாவோலை’ என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் இதை வகுத்தே வைத்திருக்கிறது. காழ், அதாவது வைரம், வெளிப்புறத்தில் இருந்தால் புல். உள்ளே இருந்தால் மரம். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை எல்லாம் புல்லின் பக்கம் சேரும் சொற்கள். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். சிரிக்க வேண்டாம், இன்றைய தாவரவியலும் புல்லையும் பனையையும் ஒருவித்திலைத் தாவரம் என்று ஒரே பக்கத்தில்தான் வைக்கிறது. பனங்கை அறுப்பவரைக் கேட்டுப் பாருங்கள். வெளிவட்டம் இரும்பு மாதிரி இருக்கும், நடுவில் சோறு என்பார்.

ஆக, ஒரு செடியின் முன்னால் நின்று ‘இதன் பெயர் என்ன’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இதற்கு ஓலை உண்டா, குருத்து உண்டா, பாளை உண்டா’ என்று கேளுங்கள்.

முதல் படி: தள்ளி நின்று தலையைப் பாருங்கள்

பத்தடி தள்ளி நில்லுங்கள். ஒரு தண்டுக்கு ஒரே ஒரு தலையா, தண்டு நடுவில் கிளை பிரிந்து பல தலையா? பனைக் குடும்பத்தில் ஏறக்குறைய எல்லாமே ஒரு தண்டுக்கு ஒரு தலைதான். வரவேற்பறைகளில் வைக்கும் அரிக்கா பாம் புதராக வந்தாலும், ஒவ்வொரு தண்டும் மண்ணிலிருந்து தனியாகத்தான் கிளம்பும். நடுத்தண்டில் கவை விட்டிருந்தால் பெரும்பாலும் அது தாழையோ, அழகுக்கு வளர்க்கும் டிரசீனாவோ, யூக்காவோதான். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. டையூ தீவுக்குச் சுற்றுலா போனவர்கள் இரண்டு இரண்டாகக் கவை விட்ட பனைகளைப் பார்த்திருப்பார்கள். அங்கே அதை ஹோக்கா என்கிறார்கள், அது அசல் பனைக் குடும்பம். நம் ஊர் நர்சரியில் அது உங்கள் கண்ணில் படப்போவதில்லை, அதனால் கவலை வேண்டாம்.

ஒற்றைத் தலை என்பதற்கு நடைமுறையில் இன்னொரு அர்த்தமும் உண்டு. டிரசீனாவின் தலையை வெட்டினால் பக்கத்தில் இரண்டு தளிர் வரும். தென்னையின் குருத்தை வெட்டினால் மரம் போச்சு. ‘உயரம் அதிகமாகிவிட்டது, மேலே கொஞ்சம் கழித்துவிடுவோம்’ என்ற பேச்சு பனைக் குடும்பத்தில் எடுபடாது. என் ராயல் பாம் விஷயத்தில் அண்ணாச்சிக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

இரண்டாம் படி: குருத்து

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலே முக்கால்வாசிப் போலிகள் மாட்டிக்கொள்ளும். உச்சியின் நடுவில் புது இலை எப்படி வருகிறது என்று பாருங்கள்.

ஈட்டி மாதிரி நேராக, இறுக மடிந்த ஒற்றைக் குருத்து நிற்கிறதா? பனைக் குடும்பம். விசிறியை மடக்கி வைத்த மாதிரி ஓலைகள் எல்லாம் உள்ளே மடிப்பு மடிப்பாக ஒட்டியிருக்கும், அப்புறம் விரியும். குருத்தோலை ஞாயிறன்று சர்ச்சில் கையில் கொடுப்பதும், கோயில் விழாவில் தோரணம் பின்னுவதும் இதைத்தான்.

ஒன்றுக்குப் பதிலாக ஒரு கூட்டமே சேர்ந்து கிளம்புகிறதா? பல மாதம் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று வட்டமாகப் பத்திருபது புது இலை ஒரே வாரத்தில் எழும்புகிறதா? அது சைகஸ், அதாவது நர்சரியின் ‘சேகோ பாம்’. இளம் இலையை அருகில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு சின்ன இலையும் நுனியில் உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். வெண்மையான மென்மயிர் மூடியிருக்கும். பனையில் இந்தச் சுருள் கிடையவே கிடையாது.

நாய் வாலைச் சுருட்டின மாதிரி, முழு இலையே பெரிய சுருளாக வருகிறதா? மரப்பெரணி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஈரமான ஓடைச் சரிவுகளில் நிற்கும். தூரத்தில் பார்த்தால் சின்னத் தென்னை என்றே தோன்றும். இலையின் அடியைத் திருப்பினால் பழுப்புப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். அவை ஸ்போர் எனப்படும் தூள் வித்துகளின் கொத்துகள், விதைகள் இல்லை. பூ, காய் எதையும் அதில் தேடாதீர்கள்.

வாழைக்குருத்து போல இலை குழாயாகச் சுருண்டு வந்தால் விசிறி வாழை. குருத்தே தனியாகத் தெரியாமல், நடுவிலிருந்து வார் வாராக இலைகள் பிரிந்துகொண்டே வந்தால் தாழை, டிரசீனா, யூக்கா, போனிடெயில் ஆகியவற்றில் ஒன்று.

மூன்றாம் படி: விசிறியா, சிறகா, மீன்வாலா

குருத்து ஒற்றை ஈட்டி என்று உறுதியான பிறகுதான் எந்தப் பனை என்ற கேள்வி. முழு இலையை மட்டை என்றும், அதில் இரண்டு பக்கமும் வரும் தனித்தனி இலைகளை ஓலை என்றும் இங்கே சொல்கிறேன். ஊருக்கு ஊர் இது கொஞ்சம் மாறும்.

விசிறி என்றால் பனை. மட்டையின் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக ரம்பப் பல் இருக்கும். அதற்குக் கருக்கு என்று பெயர், தொடையைக் கிழித்துக்கொண்ட அனுபவம் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். விசிறி ஓலையே, ஆனால் நாலைந்து பேர் அடியில் நின்று மழைக்கு ஒதுங்கும் அளவுக்குப் பெரியது என்றால் தாளிப்பனை. குடைப்பனை என்றும் சொல்வார்கள். பல பத்தாண்டுகள் பூக்காமல் நின்று, கடைசியில் ஒரே தடவை உச்சியில் மிகப்பெரிய பூங்கொத்தை எழுப்பி, காய்த்து முடித்ததும் மரம் செத்துப்போகும். தாவர உலகிலேயே பெரிய பூங்கொத்து அதுதான் என்பார்கள். இடுப்பு உயரத்தில் தொட்டியில் நிற்கிற சின்ன விசிறி என்றால் லேடி பாமாக இருக்கலாம். அது வீட்டுக்குள் வைக்க நல்ல செடி.

மீன்வால் என்றால் சந்தேகமே வேண்டாம், கூந்தற்பனை. மட்டையிலிருந்து கிளை மட்டை பிரிந்து, அதில்தான் ஓலை வரும். ஓலையின் நுனி யாரோ பல்லால் கடித்துப் பிய்த்த மாதிரி இருக்கும். பூங்குலை நீளமாகக் கூந்தல் அவிழ்ந்தது போலத் தொங்கும், பெயருக்குக் காரணம் அதுதான். அந்தக் குலையைக் கல்யாணப் பந்தல் வாசலிலும் திருவிழாவிலும் கட்டித் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இலங்கையில் இதே மரம் கித்துள், கித்துள் பாணி இதன் பதநீரைக் காய்ச்சியது. கேரளத்தில் யானைக்குப் பிடித்த தீனி என்பதால் ஆனப்பனை. ஒரே மரத்துக்கு மூன்று பெயர், மூன்றும் பொருத்தம். பழத்தை மட்டும் வெறும் கையால் நசுக்க வேண்டாம், அரிப்பு ஒரு நாள் முழுக்க விடாது.

மீதியெல்லாம் சிறகு: தென்னை, பாக்கு, ஈச்சை, பேரீச்சை, செம்பனை, ராயல் பாம், ஃபாக்ஸ்டெயில், அரிக்கா பாம். இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

நான்காம் படி: தண்ணீர் நிற்குமா, வழியுமா

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு மட்டையைக் கைக்கு எட்டும்படி வளைத்து, ஒரு தனி ஓலை மட்டையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் ஓலை இரண்டாக மடிந்திருக்கும். மடிப்பு எந்தப் பக்கம்? தென்னையில் கூரை மாதிரி கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். சொட்டுத் தண்ணீர் விட்டால் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். ஈச்சையில் அப்படியே நேர்மாறு, வாய்க்கால் மாதிரி மேல்நோக்கித் திறந்திருக்கும். தண்ணீர் அதில் நிற்கும், அல்லது வாய்க்காலோடு ஓடும்.

சிறகு மட்டை உள்ளவற்றில் வாய்க்கால் என்றால் ஈச்சை இனம் என்று கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கூடவே, மட்டையின் அடிப்பகுதியில் ஓலைகள் முள்ளாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் தீர்ப்பு உறுதி. காட்டு ஈச்சை, பேரீச்சை, மலைச்சரிவில் முட்டளவு நிற்கும் சிற்றீச்சை எல்லாம் இதில் அடக்கம். வணிக வளாகங்களின் முன்னால் லாரியில் கொண்டுவந்து நட்டு, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும் பெரிய மரங்களைப் பார்த்து ‘பேரீச்சம்பழம் காய்க்குமா’ என்று கேட்பார்கள். பெரும்பாலும் அவை காட்டு ஈச்சை. காய்க்கும், ஆனால் கொட்டையின் மேல் தோல் போர்த்திய அளவுக்குத்தான் சதை.

இதே சோதனைதான் செம்பனையையும் பிரித்துக் காட்டும். மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று சொல்லும் எண்ணெய்ப்பனை சின்ன வயதில் ஈச்சை போலவே முள்ளும் முரடுமாக இருக்கும். ஓலையைப் பிடித்துப் பார்த்தால் கூரை, எனவே ஈச்சை இல்லை. பாமாயில் நம் பனை மரத்திலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை, மேற்கு ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தச் செம்பனையின் பழத்திலிருந்து வருகிறது அது. நம் பனை தருவது பதநீர், நுங்கு, கிழங்கு, கருப்பட்டி.

ஐந்தாம் படி: கழுத்து

கூரை மடிப்பு என்று தெரிந்துவிட்டது. இப்போது தண்டு முடிந்து மட்டைகள் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். பச்சையாக, வழவழப்பாக, குழாய் மாதிரி ஒரு கழுத்து இருக்கிறதா?

தென்னையில் கிடையாது. அங்கே பழுப்புநிறப் பன்னாடைதான் இருக்கும், கள் வடிகட்ட உதவும் அதே பன்னாடை. பாக்கில் உண்டு. மட்டைகளின் அகன்ற அடிப்பகுதி ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு அந்தப் பச்சைக் குழாயாகிறது. மட்டை பழுத்து விழும்போது அந்த அடிப்பகுதியும் சேர்ந்து கழன்று வரும். கல்யாண வீட்டில் பாக்குமட்டைத் தட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள் அல்லவா, அந்தத் தட்டு இந்தக் கழுத்திலிருந்து வருவதுதான். பிள்ளைகள் இதன்மேல் ஒருவரை உட்காரவைத்து இன்னொருவர் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ராயல் பாம் மட்டை இதற்கு இன்னும் உசத்தி, எங்கள் தெருவில் ஒரே நேரத்தில் இரண்டு பொடியன்கள் உட்கார்ந்து போகிறார்கள். அந்த மரத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர் அது.

கழுத்து உள்ளவர்களைப் பிரிப்பது இப்படி. தண்டு பென்சில் மாதிரி ஒல்லி, பச்சையில் வெள்ளை வளையங்கள் என்றால் பாக்கு, அதாவது கமுகு. சாம்பல் நிறத்தில் சிமெண்டுத் தூண் மாதிரி, பாதியில் லேசான புடைப்போடு நின்றால் ராயல். மட்டை முழுக்க ஓலைகள் எல்லாத் திசையிலும் சிலிர்த்து நரிவால் போலிருந்தால் ஃபாக்ஸ்டெயில். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்காரர் அவர். ராயலிலும் ஓலைகள் பல திசையில் நிற்கும் என்பதால் குழப்பம் வரலாம். ஓலை நுனியைப் பாருங்கள். ஃபாக்ஸ்டெயிலில் நுனி பிய்ந்த மாதிரி, ராயலில் கூர்மை. புதராக, மஞ்சள் கலந்த தண்டோடு, வரவேற்பறைத் தொட்டியில் நின்றால் அரிக்கா பாம்.

அரிக்கா பாமைப் பற்றி ஒரு வார்த்தை. மலையாளத்தில் பாக்குக்கு அடய்க்கா, தமிழில் அடைக்காய் என்ற பழைய சொல் உண்டு. போர்த்துக்கீசியர் அதைக் கேட்டு ‘அரெக்கா’ என்று எடுத்துக்கொண்டு போனார்கள். உலகம் சுற்றிய அந்தச் சொல், மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த வேறொரு செடியின் மேல் ஒட்டிக்கொண்டு, இப்போது நம் நர்சரிக்கே திரும்பி வந்திருக்கிறது. அரிக்கா பாம் வாங்கினால் வெற்றிலைக்குப் பாக்கு கிடைக்காது. அதற்குப் பாக்குக் கன்று என்றே கேட்டு வாங்க வேண்டும்.

பூவும் காயும் இருந்தால்

இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டாலும் மேலே சொன்னதே போதும். பாளை உடைந்து பூ வருவது பனைக் குடும்பத்தின் அடையாளம். தென்னையில் ஒரே பாளையில் ஆண்பூவும் பெண்பூவும் இருக்கும். பனையிலும் ஈச்சையிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பனங்கொட்டை ஊன்றினால் எது வரும் என்று பூக்கும்வரை தெரியாது. அதற்கு 12, 15 வருடம்கூட ஆகும். திருவோத்தூரில் ஆண்பனைகளைச் சம்பந்தர் பாடிக் காய்க்க வைத்தார் என்று தலபுராணம் சொல்கிறது. நம்மால் பாட முடியாது, பத்துக் கொட்டையாகச் சேர்த்து ஊன்றிவிடுவது நல்லது. ஒரு விஷயம்: தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். எனவே எங்கே ஊன்றுகிறோம் என்பதை ஊன்றும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

பனை வேஷம் போடுபவர்கள்

இவர்களில் சேகோ பாமைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. தெற்கு ஜப்பானைச் சேர்ந்த இந்தச் சைகஸ், பூக்கும் தாவரமே இல்லை. ஆண் செடியில் கூம்பு வரும். பெண் செடியின் தலையில் கம்பளி போர்த்திய மாதிரி ஓர் உருண்டை, அதற்குள் செம்மஞ்சள் நிறத்தில் பெரிய விதைகள். செடி முழுக்க நஞ்சு, விதையில் அதிகம். நாய்கள் அந்த விதையைப் பந்து மாதிரி கவ்விக் கடிக்கும். ஒன்றிரண்டு விதையே கல்லீரலைக் கெடுத்து நாயைக் கொல்லப் போதும். வீட்டில் நாயோ தவழும் குழந்தையோ இருந்தால் இந்தச் செடி வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. ஏற்கெனவே இருந்தால், கையுறை போட்டு விதைகளை முழுக்க எடுத்துப் போட்டுவிடுங்கள். நாய் கடித்துவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், செடியின் ஓர் இலையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ‘பாம் சாப்பிட்டுவிட்டது’ என்று மட்டும் சொன்னால் அவர் அரிக்கா பாம் என்று நினைத்துக்கொள்ளலாம். அது நாய்க்கு ஒன்றும் செய்யாத செடி.

சேகோ என்ற சொல்லே இன்னொரு குழப்பம். சேகோ மாவு தருவது தென்கிழக்கு ஆசியாவின் வேறொரு அசல் பனை. சேலத்தில் தயாராகி நம் பாயசத்துக்கு வரும் ஜவ்வரிசியோ மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. தொட்டியில் நிற்கும் சைகஸுக்கும் பாயசத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஒரு சைகஸ் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் ‘மதன காமப்பூ’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது அதன் ஆண் கூம்பின் செதில்கள். பூ என்பது பெயரளவில்தான். இப்படிப் பறித்தும் காடு சுருங்கியும் அந்த இனம் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. அதனால் காட்டுச் செடி என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள்.

டிராவலர்ஸ் பாம் விஷயத்தில் தமிழ்ப் பெயர் ஜெயித்துவிட்டது. நாம் விசிறி வாழை என்கிறோம். தாவரவியல் கணக்கிலும் அது வாழைக்குத்தான் நெருக்கம், பனைக்கு இல்லை. இலை வாழை இலை போலவே காற்றில் கிழியும், மொத்தத் தலையும் மயில் தோகை விரித்த மாதிரி ஒரே தளத்தில் நிற்கும். இலைக்காம்புகளின் அடியில் மழைத்தண்ணீர் தேங்கும். கொசுவையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

போனிடெயில் மெக்சிகோக்காரர். அடியில் யானைக்கால் மாதிரி வீக்கம், அதுதான் தண்ணீர்த் தொட்டி. பனை என்று நினைத்துத் தினமும் தண்ணீர் விட்டால் அழுகிப்போகும். பெயர் தப்பானால் பராமரிப்பும் தப்பாகும் என்பதற்கு இந்தச் செடியே உதாரணம். நான் ஒன்றை இப்படித்தான் கொன்றேன்.

தாழைக்குச் சான்று அதன் வேர். தண்டிலிருந்து ஊன்றுகோல் மாதிரி வேர்கள் இறங்கி மண்ணில் நிற்கும். மடலின் ஓரத்தில் முள். பெண் மரத்தின் காயைப் பார்த்து அன்னாசி என்று ஏமாறுபவர்கள் உண்டு. பழைய தமிழில் தாழை என்ற சொல் தென்னையையும் குறித்தது. குழப்பம் வருமே என்றால், பெரும்பாணாற்றுப்படை இளநீரைச் சொல்லும்போது மரத்தை ‘வீழ் இல் தாழை’ என்கிறது. வீழ் என்றால் இறங்கும் வேர். விழுது இல்லாத தாழை எதுவோ அது தென்னை. நாம் ஐந்து படியில் செய்வதை அந்தப் புலவர் இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்.

நர்சரியில் நிற்கும்போது

கன்றுப் பருவத்தில் மேலே சொன்னவற்றில் பாதி தெரியாது. தென்னங்கன்றின் முதல் இலைகளில்கூட ஓலை பிரிந்திருக்காது. அதனால் கன்றை மட்டும் பார்த்து வாங்காமல், “இதே ரகத்தில் வளர்ந்த மரம் எங்கே நிற்கிறது, காட்டுங்கள்” என்று கேளுங்கள். நல்ல நர்சரிக்காரர் தன் தோட்டத்திலோ, பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்திலோ காட்டிவிடுவார். “குட்டையாத்தான் சார் இருக்கும்” என்ற பதிலோடு நிறுத்திக்கொண்டால், நீங்களும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அசல் பாட்டில் பாம் கன்று என்றால் கையளவிலேயே அடி உருண்டிருக்கும், இளம் மட்டையின் காம்பில் செம்மை தெரியும், ஓலைகள் விறைப்பாக மேல்நோக்கி நிற்கும். ராயல் கன்றில் இவை இருக்காது. பில்லில் தாவரவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ராய்ஸ்டோனியா’ என்று எழுதினால் ராயல், ‘ஹையோஃபோர்பி’ என்று எழுதினால் குள்ளம். ஒரு தடவை எழுதி வாங்கியிருந்தால் எனக்கு ஒரு கார் கண்ணாடி மிச்சம்.

வளர்ந்த மரங்களை வரிசையாகப் பார்த்துக் கண்ணைப் பழக்க வேண்டுமென்றால், பக்கத்தில் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு காலை நேரம் போய் வாருங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பூங்கா, பெங்களூர் லால்பாக் இரண்டும் நல்லவை. இலங்கையில் இருப்பவர்களுக்குக் கண்டிக்குப் பக்கத்துப் பேராதனையைவிடச் சிறந்த இடம் இல்லை. அங்கே ராயல் பாம் வரிசையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்திருந்தால் 3 அடி பாத்தியில் அதை வைக்க எனக்கு மனம் வந்திருக்காது.

கடைசி வேலை: பெயரை எழுதித் தொங்கவிடுங்கள்

நட்ட நான்கு வருடத்தில் நமக்கே மறந்துவிடும். குளிர்பான டின்னை வெட்டி, தகட்டைத் தட்டையாக்கி, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் வெயில் மழைக்கு அழியாது. நர்சரி சொன்ன பெயர், நீங்கள் கண்டுபிடித்த பெயர், தாவரவியல் பெயர், நட்ட தேதி, அவ்வளவுதான். தண்டில் ஆணி அடிக்காதீர்கள். மாமரத்தில் அடித்த ஆணியைச் சுற்றிப் பட்டை வளர்ந்து மூடிக்கொள்ளும், ஆனால் பனைக் குடும்பத்தில் தண்டின் காயம் ஆறவே ஆறாது. ஏறுவதற்காகத் தென்னையில் கொத்திய படி, மரம் இருக்கும்வரை அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தளர்வாகக் கம்பி சுற்றித் தொங்கவிட்டால் போதும்.

என் மரத்தில் தொங்கும் தகட்டில் முதல் வரி ராயல் பாம், இரண்டாம் வரி நர்சரியில் பாட்டில் பாம். மூன்றாவதாக ‘தென்னை’ என்று ஒரு வரி இருக்கிறது. அது அண்ணாச்சி ஒரு நாள் பேனாவை வாங்கித் தானே எழுதியது.